கோப்பும் அனுமதியும்: செய்நிரல்களில் அணுகல் உரிமையைச் சோதித்தல் பற்றிச் சில சிந்தனைகள்

இலக்கியம், வரலாறு, சமூகவியல் ஆகிய துறைசார்ந்த ஆய்வுகளையே பெரும்பாலும் தாங்கிவரும் இவ்விதழில், கணினிச் செய்நிரலொன்று ஒரு கோப்பைத் திறக்கும் அனுமதி உண்டா இல்லையா என்பதை எவ்வாறு அறிந்துகொள்கின்றது என்னும் விடயம் இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இதனை எழுத நேர்ந்தமைக்கு உடனடிக் காரணமொன்றுண்டு. நாம் ஈடுபட்டிருந்த பழஞ்சஞ்சிகை மின்வடிவாக்கப் பணியொன்றில், மூவர் ஏறத்தாழ மூன்று மாத காலமாக அச்சுப் பிரதியோடு ஒப்புநோக்கித் திருத்தி வைத்திருந்த பாடங்கள் ஓரிரவில் அழிந்துபோயின. தீய நோக்குடன் எவரும் எதனையும் செய்யவில்லை. செய்நிரலும் தனக்கு விதிக்கப்பட்டவாறே இயங்கியது. அனுமதியைச் சோதித்த பின்னரே அது எழுதியது என்பதும் உண்மை. சோதனை நடைபெற்றும் அழிவு நேர்ந்தது எவ்வாறு என்பதே எம்மை இவ்விடயத்துள் ஈர்த்தது.

நிகழ்ந்தது இதுதான். இயந்திரம் படித்தெடுத்த, பிழைகள் மலிந்த மூலப் பாடங்களை ஒவ்வொரு திருத்துநரின் வரைவுக் கோப்புறையிலும் இடுவதற்கு இரவில் இயங்கும் செய்நிரலொன்று இருந்தது. அது களஞ்சிய நிர்வாகியின் முழு அதிகாரத்துடன் இயங்கியது. அதனால், குறித்த திருத்துநருக்கு அவ்விடத்தில் எழுதும் உரிமை உண்டா என்பதை எல்லாக் கோப்புகளுக்கும் தொடக்கத்திலேயே சோதித்துவிட்டு, அதன்பின் ஒவ்வொன்றாக எழுதிச் செல்லும். அன்றிரவு பணியாற்றிக்கொண்டிருந்த திருத்துநர் ஒருவர், முடிந்த பாடங்களையும் ஒரே இடத்தில் பார்க்கும் வசதி கருதி, தமது வரைவுக் கோப்புறையை அகற்றிவிட்டு, அதே பெயரில், திருத்தி முடித்த பாடங்கள் இருந்த களஞ்சியத்தைச் சுட்டும் இணைப்பொன்றை வைத்தார். அக்களஞ்சியத்தைப் படிக்க அவருக்கு உரிமை உண்டு. எழுத உரிமை இல்லை. ஆயின் செய்நிரலுக்கு உண்டு. அது முன்னர் பெற்ற ‘ஆம்’ என்னும் விடையைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது வேறொன்றைச் சுட்டும் அதே பெயரின் வழியே சென்று, திருத்திய பாடங்களின் மேல் திருத்தாத பாடங்களை எழுதியது. மறுநாட் காலை எடுக்கப்பட்ட காப்புப் பிரதி, அழிந்தவற்றையே விசுவாசத்துடன் பிரதிசெய்தது.

அனுமதி என்னும் கருத்து கணினியுடன் கூடப் பிறந்ததன்று. ஒரு வேளையில் ஒருவரே ஒரு பொறியைப் பயன்படுத்திய காலத்தில் அது தேவைப்படவில்லை. பொறி நின்ற அறையின் கதவே அனுமதியாக இருந்தது. பெருந்தொகை கொடுத்துப் பெற்ற பொறி ஒரு கணமேனும் வாளாவிருத்தலாகாது என்னும் பொருளாதார நிர்ப்பந்தம், பலர் ஒரே வேளையில் அதனைப் பகிர்ந்துகொள்ளும் நேரப்பகிர்வு முறைமைகள் தோன்றுவதற்கு முக்கிய ஏதுவாயிற்று. 1961 நவம்பரில் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கொர்பற்றோவும் அவர்தம் குழுவினரும் அத்தகைய முறைமையொன்றைச் செய்துகாட்டினர். பகிர்வு வந்தவுடன் பங்கீடும், பங்கீட்டுடன் காவலும், காவலுடன் மீறலும் வந்தன. வாரத்துக்கு நான்கு மணி நேரமே ஒதுக்கப்பெற்ற ஆய்வு மாணவரான அலன் ஷேர், 1962இல், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை மூலம் விண்ணப்பித்தார். அச்சிட்ட தாள்கள் மறுநாள் அவருக்காகக் காத்திருந்தன. முனையத்தில் காவல் இருந்தது. அச்சுப் பணிக்கான வழியில் இருக்கவில்லை.

அதே முறைமையில் 1960களில் நிகழ்ந்த இன்னொரு சம்பவம் எமது பிரச்சினைக்கு மேலும் அணித்தானது. பயனர் யாவருக்கும் அன்றாடம் காட்டப்படும் அறிவித்தலுக்குப் பதிலாக, ஒரு நாள், அனைவரது கடவுச்சொற்களும் காட்டப்பட்டன. கோப்பைத் திருத்த உதவும் செய்நிரல், தனது இடைக்காலக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரையே இட்டது. ஒரு கோப்புறையில் ஒரு வேளையில் ஒருவரே பணியாற்றுவார் என்னும் எடுகோளே அதற்குக் காரணம். அந்த எடுகோள் தோன்றிய காலத்தில் அது சரியே. பின்னர் முறைமையைப் பராமரித்தோர் தமது வசதிக்காக ஒரே கோப்புறையைப் பலர் பயன்படுத்த இடமளித்தனர். ஒருவர் அறிவித்தலையும் மற்றொருவர் கடவுச்சொற் கோப்பையும் ஒரே வேளையில் திருத்த, இரண்டும் இடம்மாறின. கொர்பற்றோ தமது ரியூரிங் பரிசுரையில் இதனை எடுத்துக்கூறியுள்ளார். பயன்பாட்டு உறவுகள் மாறிய பின்னரும் பழைய உறவுகளின் எடுகோள் செய்நிரலின் வரிகளில் உறைந்து நின்றமை இங்கு அவதானிக்கத்தக்கது.

நேரப்பகிர்வின் அடுத்த கட்டமான மல்ரிக்ஸ் முறைமையை உருவாக்கும் கூட்டு முயற்சியிலிருந்து பெல் ஆய்வுகூடம் 1969இல் விலகியது. அங்கிருந்த கென் தொம்ஸன், டெனிஸ் றிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் எளிய முறைமையொன்றை அமைத்தனர். மல்ரிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் யார் யாருக்கு என்ன உரிமை என்னும் பட்டியலொன்று வைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. யூனிக்ஸ் அதனை ஒருசில இருமக் குறிகளாகச் சுருக்கியது. 1974இல் றிச்சியும் தொம்ஸனும் வெளியிட்ட கட்டுரையில் இக்குறிகள் ஏழு: படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகள், உடையவருக்கும் ஏனையோருக்கும் தனித்தனியே, ஏழாவது பற்றிப் பின்னர் கூறுவோம். 1978ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் இவை பத்தாயின. இடையில் ‘குழு’ என்னும் மூன்றாவது பிரிவு வந்து சேர்ந்தது.

உடையவர், குழுவினர், ஏனையோர் என்னும் இம்முப்பிரிவைக் கண்டவுடன் சமூக வர்க்கங்களை அதில் இனங்காண முற்படுதல் எளிது. அவ்வாறு பேசும் நண்பர்களை நாம் அறிவோம். அது கொச்சை மார்க்சியமேயன்றி வேறன்று. இங்கு ‘உடையவர்’ என்பவர் உற்பத்திச் சாதனத்தை உடையவரல்லர். பொறியை உடையது நிறுவனம். கோப்பை உடையவரோ பெரும்பாலும் அந்நிறுவனத்தில் ஊதியம் பெறுபவர். அதற்கும் மேலாக, எக்குறியாலும் கட்டுப்படாத றூற் என்னும் முதன்மைப் பயனர் ஒருவர் இருக்கின்றார். சொத்துறவை இவ்விடத்தில் தேடுவதாயின் அதனை வேறோரிடத்தில் இன்னும் வெளிப்படையாகவே காணலாம்: மேற்கூறிய ஏழாவது குறிக்கு றிச்சி 1973இல் காப்புரிமை கோரினார், 1979இல் அது வழங்கப்பட்டபோது உரித்தாளர் பெல் ஆய்வுகூடமே. பின்னர் அது பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது.

இக்குறிகளைப் படிக்கும் முறையும் தோற்றத்தில் உள்ள அளவுக்கு எளிதன்று. ஒருவர் எப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதை முறைமை வரிசையாக நோக்கும். முதலிற் பொருந்தும் பிரிவின் குறிகளே அவருக்கு விதி. ஆகவே, ஏனையோர் அனைவரும் படிக்கலாம், உடையவர் மட்டும் படிக்கலாகாது என்னும் விசித்திர நிலையும் சாத்தியமே. அன்றியும், ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அக்கோப்பின் குறிகளில் இல்லை. அது அடங்கியுள்ள கோப்புறையின் குறிகளில் உள்ளது. வீட்டுக்குள் நுழைய உரிமை இல்லாதவர் காணியுரிமை காரணமாக வீட்டையே அகற்றிவிடலாம் என்பது போன்றது இது. இக்காரணங்களால், குறிகளைத் தாமே எடுத்து வாசித்துக் கணக்கிட்டு முடிவுசெய்யும் செய்நிரலாளர் பெரும்பாலும் தவறு செய்கின்றனர். குறிகள் இடங்கொடுத்தாலும் கோப்பு இருக்கும் வட்டு படிப்பதற்கு மட்டும் என இணைக்கப்பட்டிருக்கலாம். உரிமைப் பட்டியலொன்று மேலதிகமாக இருக்கலாம். கோப்பு வலையமைப்பின் மறுமுனையில் வேறொரு சேவகக் கணினியின் ஆளுகையில் இருக்கலாம்.

ஏழாவது குறிக்கு வருவோம். கடவுச்சொற் கோப்பில் றூற் மட்டுமே எழுதலாம். ஆயினும் ஒவ்வொருவரும் தமது கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள வேண்டும். இம்முரண்பாட்டைத் தீர்ப்பதற்காக, சில செய்நிரல்கள் அவற்றை அழைத்தவரின் அதிகாரத்துடன் அன்றி, அச்செய்நிரற் கோப்பை உடையவரின் அதிகாரத்துடன் இயங்குமாறு அக்குறி வகை செய்தது. 1974ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதற்கான உதாரணங்களுள் ஒன்று கணினி விளையாட்டொன்றின் மதிப்பெண் பதிவேடு என்பது சுவையான செய்தி: ஆடுபவர் பதிவேட்டைத் தொடலாகாது, ஆனால் அவர் ஆடும் ஆட்டம் அதில் எழுத வேண்டும். இவ்வாறு ஒரே செய்நிரலில் இரண்டு அடையாளங்கள் ஒன்றுசேர்ந்தன: அழைத்தவர் யார் என்பது ஒன்று, யாருடைய அதிகாரத்தில் செயற்படுகின்றது என்பது மற்றொன்று. இரவல் அதிகாரம் என இரண்டாவதை நாம் அழைக்கலாம்.

இரவல் அதிகாரத்துடன் இயங்கும் செய்நிரல், அழைத்தவர் பெயரிடும் கோப்பொன்றைத் திறக்க வேண்டின் இக்கட்டு எழுகின்றது. முறைமையைப் பொறுத்தவரை செய்நிரலுக்கு எல்லா உரிமையும் உண்டு, அழைத்தவருக்கு இல்லாமலிருக்கலாம். இதற்கென அமைந்ததே ‘அக்செஸ்’ என்னும் முறைமை அழைப்பு. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அது இடம்பெற்றுள்ளது. கோப்பின் பெயரைக் கொடுத்து வினவினால், செயற்படும் அடையாளத்தை ஒதுக்கிவிட்டு, அழைத்தவருக்கு அக்கோப்பில் உரிமை உண்டா என்பதை அது கூறும். ‘ஆம்’ என்றால் அடுத்த வரியில் ‘ஓப்பன்’ என்னும் அழைப்பால் கோப்பைத் திறக்கலாம். நேர்மையான ஏற்பாடாகவே இது தோன்றுகின்றது. பாடநூல்களும் நெடுங்காலம் இவ்வாறே கற்பித்தன.

குறை எங்கே என்றால், இரண்டு அழைப்புகளும் பெயரையே பெறுகின்றன, பொருளைப் பெறுவதில்லை. சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு மாறக்கூடியது என்பது இலக்கணம் கற்றோருக்குப் புதிதன்று. முதலாவது அழைப்பில் ஒரு பெயர் ஒரு கோப்பைக் குறிக்கின்றது. இரண்டாவது அழைப்பில் அதே பெயர் வேறொரு கோப்பைக் குறிக்கலாம். பல செய்நிரல்கள் மாறி மாறி இயங்கும் முறைமையில், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே பிறர் செயற்பட இடமுண்டு. 1983இல் பெர்க்லியிலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் பதிப்பு, வேறொரு பாதையைச் சுட்டும் குறியீட்டு இணைப்புகளை அறிமுகஞ் செய்தபின், பெயரை இடம்மாற்றுதல் மேலும் எளிதாயிற்று. எமது திருத்துநர் அறியாமற் செய்தது இதனையே. அறிந்து செய்வோரும் உளர்.

1993இல் வெளிவந்த பாதுகாப்பு எச்சரிக்கையொன்று, எக்ஸ்-ரேம் என்னும் பரவலான செய்நிரலில் இக்குறையைச் சுட்டியது. பயனர் பெயரிடும் கோப்பில் பதிவுகளை எழுதும் வசதி அதில் இருந்தது; றூற் அதிகாரத்துடன் அது நிறுவப்பட்டிருந்த இடங்களில், சாதாரண பயனரொருவர் எந்தக் கோப்பையும் உருவாக்கவோ மாற்றவோ முடிந்தது. 1996இல் மற் பிஷப், மைக்கல் டில்கர் ஆகிய இருவரும், செய்நிரல்களின் மூல வரிகளில் இத்தகைய சோதனை–செயல் இடைவெளிகளைத் தேடிக் கண்டறியும் முறையொன்றை ஆராய்ந்து வெளியிட்டனர்.

இடைவெளி குறுகியது தானே, அதனை மேலும் குறுக்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இவ்வினாவுக்கு வரலாறே விடை தந்துள்ளது. 2004இல் ட்ரூ டீன், அலன் ஹூ ஆகியோர், வழக்கிலிருந்த முறைமை அழைப்புகளைக் கொண்டு ‘அக்செஸ்’ வழியாக இக்குறையை ஐயத்துக்கு இடமின்றி நீக்குதல் இயலாது என நிறுவினர். மாற்றாக, சோதனையையும் திறப்பையும் பலமுறை திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பே கிட்டுகின்றதா என ஒப்பிடுமாறு முன்மொழிந்தனர். தாக்குபவர் ஒரு முறை வெல்லலாம். தொடர்ந்து பல முறை வெல்வது அரிது என்பது அவர்கள் கணக்கு. மறு ஆண்டே நிகிற்றா பொரிசொவும் மூன்று தோழர்களும் அதனை முறியடித்தனர். ஆழ்ந்து நீளும் கோப்புறைச் சிக்கல்களை அமைத்து, பெயரைத் தேடிச் செல்லும் முறைமையை வட்டுக்காகக் காத்திருக்கச் செய்தனர். ஒவ்வொரு கோப்பும் கடைசியாக அணுகப்பட்ட நேரத்தைப் பார்த்து, செய்நிரல் எக்கட்டத்தில் நிற்கின்றது என அறிந்துகொண்டனர். இடைவெளியின் நீளம் செய்நிரலாளரின் கையில் இல்லை. அது எதிராளியின் கையிலும் இருக்கலாம் என்பது இதனால் தெளிவாயிற்று.

இத்தவறு ஏன் இத்தனை இயல்பாக நிகழ்கின்றது? கவனக்குறைவு என்னும் விளக்கம் எமக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. அனுமதி என்பது உண்மையில் ஓர் உறவு: இன்னார், இச்செயலை, இப்பொருளின் மீது, இக்கணத்தில் என்னும் நான்கும் கூடுமிடத்திலேயே அது உளதாகின்றது. ‘அக்செஸ்’ அவ்வுறவை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்னும் ஒரு மதிப்பாக மாற்றித் தருகின்றது. செய்நிரலாளர் அம்மதிப்பை ஒரு மாறியில் இட்டு, ஒரு பண்டத்தைப் போல அடுத்த வரிக்கு, சிலவேளை அடுத்த மணித்தியாலத்துக்கும், கொண்டுசெல்கின்றார். உறவுகள் பொருள்களின் இயல்புகளாகத் தோற்றமளிக்கும் நிலையை மார்க்ஸ் பண்டத்தை ஆராய்கையில் விளக்கினார். 1923இல் லூக்காச் அதனைச் சிந்தனையின் பல துறைகளுக்கும் விரித்தார். ஒப்புமையை இதற்கு மேல் நீட்ட நாம் விரும்பவில்லை. ஏனெனில் இங்கு சுரண்டலோ மிகைமதிப்போ பேசப்படவில்லை. ஆயினும், உறவைப் பொருளாக்கிக் காணும் பழக்கம் எமது காலத்துச் சிந்தனையில் எவ்வளவு ஆழமாக ஊறியுள்ளது என்பதற்கு இவ்விரண்டு வரிகள் ஒரு சான்று எனலாம்.

இரவல் அதிகாரத்தின் சிக்கல் காலவிடைவெளியின்றியும் எழக்கூடும். 1988இல் நோர்ம் ஹார்டி எழுதிய சிறு கட்டுரையொன்று இதற்கு எடுத்துக்காட்டு. கணினி நேரத்தை வாடகைக்கு விற்ற ரைம்ஷெயர் என்னும் நிறுவனத்தில், போர்ற்றான் மொழிபெயர்ப்பி ஒன்று தன் கோப்புறையில் புள்ளிவிபரங்களை எழுதும் உரிமை பெற்றிருந்தது. அதே கோப்புறையிலேயே வாடிக்கையாளரின் கட்டணக் கணக்கும் இருந்தது. பிழைதிருத்தக் குறிப்புகளை எழுதுவதற்குரிய கோப்பாகப் பயனரொருவர் அக்கணக்குக் கோப்பின் பெயரையே கொடுத்தார். மொழிபெயர்ப்பி தயங்காது எழுதியது. கட்டணக் கணக்கு அழிந்தது. எழுதும்போது தான் பயனரின் அதிகாரத்தைப் பயன்படுத்துகின்றதா, தனது அதிகாரத்தைப் பயன்படுத்துகின்றதா என்பதைக் கூறும் வழியே அதற்கு இருக்கவில்லை. இரண்டு எசமானர்களுக்கு ஊழியஞ் செய்யும் இந்நிலையைக் குழம்பிய பிரதிநிதி என ஹார்டி அழைத்தார்.

இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1975இல், ஜெரோம் சோல்ற்சர், மைக்கல் ஷ்ரோடர் ஆகியோர் தகவற் பாதுகாப்பின் வடிவமைப்பு நெறிகளைத் தொகுத்தளித்தனர். ஒவ்வோர் அணுகலும் ஒவ்வொரு முறையும் சோதிக்கப்படல் வேண்டும், முன்னைய சோதனையின் விடையை நினைவில் வைத்திருந்து பயன்படுத்துவதை ஐயத்துடனேயே நோக்க வேண்டும் என்பது அவற்றுளொன்று. பணிக்கு வேண்டிய அதிகாரத்தை மாத்திரமே பெற்றிருத்தல் வேண்டும் என்பது இன்னொன்று. நோய் தெரிந்திருந்தது; மருந்தும் தெரிந்திருந்தது. பதினெட்டு ஆண்டுகளின் பின் எக்ஸ்-ரேம் அதே நோயிற் கிடந்தது.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது யாது? கேட்காதிருத்தலே. இது முதலில் முரணாகத் தோன்றலாம். செய்நிரல் தனது இரவல் அதிகாரத்தை இறக்கிவைத்து, அழைத்தவரின் அடையாளத்தை மேற்கொண்டு, கோப்பை நேரே திறக்க முயல வேண்டும். உரிமையில்லையெனில் முறைமையின் மையக்கரு அக்கணத்திலேயே மறுக்கும். சோதனையும் திறப்பும் அங்கு ஒரே செயல். இடையில் எவரும் நுழைய முடியாது. திறந்துவிட்டால் கோப்பைக் குறிக்கும் எண்ணொன்று கிடைக்கும். அதன்பின் பெயரை நாடாது அவ்வெண்ணின் வழியாகவே படித்தலும் எழுதுதலும் நடைபெறல் வேண்டும். பெயர் எங்கு அலைந்தாலும் எண் திறந்த பொருளையே பற்றி நிற்கும். பிறீ-பிஎஸ்டி முறைமையின் கைந்நூல் ‘அக்செஸ்’ அழைப்பை ஒருபோதும் பயன்படுத்தலாகாது என்றே கூறுகின்றது. லினக்ஸ் கைந்நூலும் பைதன் மொழியின் ஆவணங்களும் சற்று மென்மையாக அதனையே எச்சரிக்கின்றன.

அதிகாரத்தை இறக்கிவைப்பதும் அத்தனை எளிதன்று. அதற்கான அழைப்புகள் வெவ்வேறு யூனிக்ஸ் மரபுகளில் வெவ்வேறு பொருள் கொண்டிருந்தமையை 2002இல் ஹாவோ சென், டேவிட் வாக்னர், ட்ரூ டீன் ஆகியோர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். இறக்கிவைக்குமாறு கூறிவிட்டு, அது நடைபெற்றதா என நோக்காது தொடரும் செய்நிரல் முன்னைய அதிகாரத்துடனேயே நடமாடக்கூடும். மறுப்பையும் வேறுபடுத்தி அறிதல் அவசியம். அனுமதியின்மை வேறு, கோப்பே இல்லாமை வேறு, வட்டு எழுத இடங்கொடாமை வேறு. மூன்றையும் ‘திறக்க முடியவில்லை’ என்னும் ஒரே வாக்கியத்துள் அடக்கும் செய்நிரல்கள் பயனரைத் தேவையற்ற அலைச்சலுக்கு உள்ளாக்குகின்றன. முற்சோதனைக்கு ஓரிடமுண்டு: எழுத முடியாத கோப்பைத் திருத்தத் தொடங்குபவருக்கு முற்கூட்டியே அறிவிப்பது நற்பண்பு. அது வானிலை அறிவித்தலைப் போன்றது.

எமது இரவுச் செய்நிரலை எழுதியவருடன் இவற்றைப் பேசியபோது, முதலில் அவர் சோதனையை ஒவ்வொரு கோப்புக்கும் எழுதுவதற்குச் சற்று முன்னர் நகர்த்த முன்வந்தார். அரை மணி நேர இடைவெளி ஒரு நொடியின் சிறு கூறாகும் என்றார். மேற்கூறிய 2004, 2005ஆம் ஆண்டுச் செய்திகளைப் படித்தபின் அச்சோதனை வரியையே நீக்கினார். இப்போது செய்நிரல் ஒவ்வொரு திருத்துநருக்கும் ஒரு கிளையைத் தோற்றுவித்து, அத்திருத்துநரின் அடையாளத்துடன் எழுதுகின்றது. களஞ்சியத்தில் எழுதும் அதிகாரம் இரவுப் பணிக்கு இனி இல்லை. மாற்றிய முதல் வாரத்திலேயே, மறுப்புப் பதிவேட்டில் பதினொரு வரிகள் காணப்பட்டன. அவற்றுள் ஒன்பது, முன்னர் ஓசையின்றி நடைபெற்றுவந்த, எவருமே கவனித்திராத எழுத்துக்கள். எந்தெந்தப் பாடங்களில் அவை கைவைத்தன என்பதை அச்சுப் பிரதிகளோடு ஒப்பிட்டுத் தேடிவருகின்றோம். அழிந்த மூன்று மாதப் பாடங்களில், திருத்துநர் ஒருவர் பென்சிற் குறிப்புகளுடன் பேணி வைத்திருந்த தாட்பிரதிகளிலிருந்து இரண்டு இதழ்கள் மீண்டுள்ளன. ஏனையவை முதலிலிருந்து திருத்தப்படுகின்றன.